ஜொகூர் பாருவின் பூக்காலம்: தை முதல் சித்திரை வரை மாலை கட்டும் கைகள்

நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரை பாகை வடக்கே இருக்கும் ஜொகூர் பாருவில் வசந்த காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. வெயிலும் மழையும் மாறி மாறி வரும். குளிர்காலமும் இல்லை, அது முடிந்து துளிர் விடும் காலமும் இல்லை. ஆனாலும் ஜாலான் உங்கு புவான் வட்டாரத்தில் பூத்தொழில் செய்பவர்களுக்கு ஆண்டில் ஒரு பூக்காலம் உண்டு. அது தை பிறக்கும்போது தொடங்கி, சித்திரைப் புத்தாண்டு தாண்டி அடங்கும்.

அந்த மூன்று மாதங்களில் பொங்கல், தைப்பூசம், சீனப் புத்தாண்டு, மகா சிவராத்திரி, மாசி மகம், பங்குனி உத்திரம், தமிழ்ப் புத்தாண்டு என ஒன்றன்பின் ஒன்றாக விழாக்கள் வருகின்றன. மார்கழியில் நிறுத்தி வைத்த திருமணங்களும் தையில் தொடங்கிவிடும். பூக்கள் எங்கிருந்து வருகின்றன, எப்படி மாலையாகின்றன, அவற்றைக் கட்டுபவர்களின் நிலை என்ன என்பதைப் பற்றிய தகவல்கள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன.

நாட்காட்டி கொண்டு வரும் வசந்தம்

பழந்தமிழர் ஆண்டை ஆறு பருவங்களாகப் பிரித்தனர். அதில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். சீனர்களின் புத்தாண்டுக்கு வசந்த விழா என்றே பெயர். சனவரி 21க்கும் பிப்ரவரி 20க்கும் இடையில் அது வரும். இரண்டும் வேறு நிலங்களின் பருவத்தைச் சொன்னாலும், ஜொகூரில் அவற்றுக்கான பூக்கள் ஏறக்குறைய ஒரே காலத்தில், ஒரே கடைத்தெருவில் தேவைப்படுகின்றன.

2026ஆம் ஆண்டின் பிப்ரவரி மாதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1ஆம் தேதி தைப்பூசம், 14ஆம் தேதி காதலர் தினம், 15ஆம் தேதி மகா சிவராத்திரி, 17ஆம் தேதி சீனப் புத்தாண்டு. காவடிக்கும் தேருக்கும் மாலை, பூங்கொத்துக்கு ரோஜா, சிவனுக்கு வில்வம், வீட்டு வாசலுக்குச் செவ்வந்தித் தொட்டி என்று பதினேழு நாளில் நான்கு விதமான தேவை. ரோஜா விலை காதலர் தினத்துக்காக ஏறும்போது, அதே வாரத்தில் கல்யாண மாலைக்கு ரோஜா கேட்டு வருபவருக்கும் அந்த விலைதான்.

வார விடுமுறையும் இத்தொழிலைப் பாதித்தது. 2014 முதல் ஜொகூரில் வெள்ளியும் சனியும் வார விடுமுறையாக இருந்தன. 2025 சனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிறு ஆனது. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில்களுக்கான மாலைகளும் ஞாயிற்றுக்கிழமை திருமணத்துக்கான மாலைகளும் வரிசையாக வருவதால், வாரக் கடைசி முழுவதும் பூக்கடைக்கு வேலை நாள்தான்.

இயற்கையும் ஒரு வசந்தத்தைக் காட்டாமல் இல்லை. சில வாரம் மழையில்லாமல் காய்ந்து, பிறகு நல்ல மழை பெய்தால், சாலையோரங்களில் நட்டிருக்கும் தெகோமா மரங்கள் இலையுதிர்த்து இளஞ்சிவப்பும் வெள்ளையுமாகப் பூத்துக் குலுங்கும். பெரும்பாலும் மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதைப் பார்க்கலாம். மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இம்மரத்தைப் பலர் ஜப்பானின் சகுராவோடு ஒப்பிடுகிறார்கள். சரக்கொன்றையும் அதே காலத்தில் மஞ்சள் சரமாகத் தொங்கும். கேரள மரபினர் விஷுக் கனியில் வைக்கும் பூ அதுதான்.

பூக்கள் வரும் வழி

ஜொகூர் பாருவில் கட்டப்படும் ஒரு கல்யாண மாலையைப் பிரித்துப் பார்த்தால், மூன்று நான்கு ஊர்களின் பூக்கள் அதில் இருக்கும்.

செவ்வந்தியும் ரோஜாவும் பெரும்பாலும் கெமரன் மலையிலிருந்து வருகின்றன. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் அந்தக் குளிர்ப் பிரதேசத்திலிருந்து ஜொகூர் பாருவுக்கு 500 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலைப் பயணம். செவ்வந்தி, இரவு நீளும்போது மொட்டு விடும் செடி. அதனால் கெமரன் மலை விவசாயிகள் கூடாரங்களில் இரவிலும் விளக்கெரித்து மொட்டு விடுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். விழாவுக்குக் கணக்கிட்டு விளக்கை அணைத்தால், தேவையான வாரத்தில் பூ கிடைக்கும். 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுமையாகத் திறக்கப்பட்ட பிறகு, தாப்பாவுக்கு இறங்கும் பூ லாரி ஒரே இரவில் தெற்கு முனைக்கு வந்து சேர முடிகிறது. ஆண்டு இறுதி மழையில் மலைச்சாலையில் மண் சரிந்தால் இங்கே செவ்வந்தி தட்டுப்படும்.

மல்லிகையின் கதை வேறு. மதுரை, திண்டுக்கல் வட்டாரத் தோட்டங்களில் விடியற்காலையில் மொட்டாகப் பறித்து, பனிக்கட்டியோடு தெர்மோகோல் பெட்டியில் அடைத்து விமானத்தில் அனுப்புகிறார்கள். மொட்டு அன்று மாலையே விரியக்கூடியது. குளிரில் வைத்தால்தான் அந்த நேரத்தைத் தள்ளிப்போட முடியும். பறிப்பது முதல் கட்டுவது வரை எல்லாமே ஓட்டம்தான். வெளிநாட்டிலிருந்து வரும் பூவுக்கு இறக்குமதி அனுமதியும், பூச்சி நோய் இல்லை என்ற தாவர நலச் சான்றிதழும் வேண்டும். மதுரை மல்லிக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

மார்கழி, தை மாதப் பனியில் மல்லிகைச் செடி சரியாகப் பூக்காது. பொங்கல் நேரத்தில் மதுரைச் சந்தையிலேயே கிலோ மல்லிகை ஆயிரக்கணக்கான ரூபாய்க்குப் போவது ஆண்டுதோறும் செய்தியாகிறது. வெயில் ஏறும் பங்குனி, சித்திரையில் பூ குவிந்து விலை இறங்கும். தையில் ஜொகூர் பாருவில் ஒரு முழம் மல்லிகையின் விலையைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள், சித்திரையில் அதே கடையில் தாராளமாக வாங்குவதற்குக் காரணம் இதுதான். தமிழகத்தின் இளவேனில் கடல் கடந்து இங்குள்ள பூக்கடையின் விலைப் பலகையில் தெரிகிறது.

மூன்றாவது, உள்ளூர்ப் பூ. ஆர்க்கிட் வளர்ப்பில் முன்னிலையில் இருக்கும் மாநிலங்களில் ஜொகூரும் ஒன்று. தாழ்நிலத்து வெயிலைத் தாங்கும் டென்ட்ரோபியம், மொக்காரா வகைகள் இங்கு நன்றாக வளர்கின்றன. மல்லிகை ஒரு நாளில் வாடிவிடும். ஆர்க்கிட் சில நாள்கள் நிற்கும். அதனால்தான் மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆர்க்கிட் மாலை இவ்வளவு பரவியது. தமிழகத்துக் கோயில் மரபில் இல்லாத இந்தப் பூ, இங்கே சுவாமி மாலையிலும் இடம் பிடித்துவிட்டது.

நான்காவது, வீட்டுக் கொல்லையும் கோயில் வளாகமும். துளசி, வேப்பிலை, வெற்றிலை, மாவிலை, அரளி, நந்தியாவட்டை, செம்பருத்தி ஆகியவற்றை இன்னும் பலர் பக்கத்திலிருந்தே பறித்துக் கொடுக்கிறார்கள்.

தோட்டத்திலிருந்து நகரத்துக்கு

ஜொகூரில் பூக்கட்டுவது முதலில் கடைத்தொழிலாக இருக்கவில்லை. குளுவாங், சிகாமட், லாபிஸ், ரெங்கம், கூலாய், கோத்தா திங்கி எனப் பரவியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் கோயில் இல்லாத தோட்டம் அரிது. மாரியம்மனோ முனியாண்டியோ, அந்தக் கோயிலைச் சுற்றி அரளியும் செம்பருத்தியும் நந்தியாவட்டையும் இருக்கும். காலையில் பால்மரம் வெட்டி, பால் எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிய பெண்கள் லயத்து வாசற்படியில் உட்கார்ந்து பூக்கட்டுவார்கள். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த பிள்ளைகளுக்கு அது தானாக வந்தது. யாரும் வகுப்பு எடுக்கவில்லை; யாரும் கூலி கேட்கவில்லை. திருவிழாவுக்குத் தோட்டமே சேர்ந்து கட்டும்.

நகரத்தில் நிலைமை வேறு. ஜொகூர் பாருவின் அருள்மிகு ராஜமாரியம்மன் தேவஸ்தானம் 1911இல் சுல்தான் இப்ராஹிம் வழங்கிய நிலத்தில் எழுந்தது. அது இருக்கும் ஜாலான் உங்கு புவானைச் சுற்றித்தான் துணிக்கடை, மளிகைக்கடை, பூக்கடை என்று இன்று லிட்டில் இந்தியா என அழைக்கப்படும் கடைத்தெரு வளர்ந்தது. ஜொகூர் கடற்பாலம் 1924இல் அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்டதிலிருந்து சிங்கப்பூரோடு ஆளும் பொருளும் போய்வரும் வழியில் இத்தெரு இருக்கிறது.

பின்னர் ரப்பர் மரங்கள் வெட்டப்பட்டு எண்ணெய்ப் பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. குடும்பங்கள் மாசாய், உலு திராம், ஸ்கூடாய், தெப்ராவ் பக்கம் குடியேறின. தொழிற்சாலை வேலைக்குப் போக முடியாத பெண்களுக்கு, தோட்டத்தில் கற்ற பூக்கட்டு நகரத்தில் வருமானமானது. கடைக்காரர் பூவையும் நாரையும் கொடுப்பார். வீட்டில் கட்டிக் கொடுத்தால் முழத்துக்கோ மாலைக்கோ இவ்வளவு என்று கூலி. இன்று பூ அலங்காரத் தொழில் நடத்தும் பலரது முதல் பள்ளி அந்த லயத்து வாசற்படிதான்.

கட்டும் முறையும் மாலை வகைகளும்

தமிழ் மரபு பூக்களை, மரத்தில் பூப்பது கோட்டுப்பூ, கொடியில் பூப்பது கொடிப்பூ, நீரில் பூப்பது நீர்ப்பூ, நிலத்துச் செடியில் பூப்பது நிலப்பூ என நான்காகப் பிரிக்கிறது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களின் பெயர்கள் வருகின்றன. தலையில் சூடுவது கண்ணி, ஆண்கள் மார்பில் அணிவது தார், பெண்கள் அணிவது கோதை என்று பழந்தமிழில் மாலைக்கும் தனித்தனிப் பெயர்கள் உண்டு.

இன்று கடையில் கேட்கும் முக்கிய வகைகள் இவை:

சரம்: தலையில் சூடுவதற்கும் படத்துக்குப் போடுவதற்கும். இரண்டு மொட்டு ஒரு பக்கம், இரண்டு மொட்டு எதிர்ப்பக்கம் பார்க்க வைத்து, காம்புகள் சேரும் இடத்தில் நாரைச் சுற்றி, விரலால் ஒரு கண்ணி போட்டு இழுப்பார்கள். இறுக்கினால் காம்பு அறுந்துவிடும். தளர்த்தினால் பூ உதிரும். வாழைநாரை நனைத்துக் கட்டினால் பூவுக்கு ஈரம் கிடைக்கும், காம்பையும் அறுக்காது. ஒரு கிலோ மல்லிகையில் சில ஆயிரம் மொட்டுகள் இருக்கும். அத்தனையும் விரல் வழியாகத்தான் போக வேண்டும்.

கோத்த மாலை: ஊசி நூலில் கோப்பது. அரளி, செவ்வந்தி, சாமந்தி, ஆர்க்கிட் ஆகியவற்றுக்கு ஏற்றது. வேகமாக முடியும் என்பதால் திருவிழாக் காலத்தில் இதுவே அதிகம்.

திண்டு மாலை: நடுக்கயிற்றைச் சுற்றிப் பூவையும் இலையையும் அடுக்கிக் கட்டும் தடித்த மாலை. கல்யாணத்துக்கும் உற்சவ மூர்த்திக்கும் கட்டுவது. இரு பக்கமும் ஒரே பருமனாக வர வேண்டும். எடை அணிபவரின் கழுத்தை அழுத்தக் கூடாது.

இதழ் மாலை: ரோஜா இதழ்களை மடித்துக் கோப்பது. பார்க்கப் பட்டுப்போல் இருக்கும். கடும் பொறுமை வேண்டிய வேலை.

நிலைமாலை: கருவறை வாசல், மணவறை முகப்பு, வீட்டு நிலை ஆகியவற்றில் தொங்கவிடுவது. இதனோடு குருத்தோலைத் தோரணமும் சேரும். இளந்தென்னை ஓலையில் கிளி, நட்சத்திரம், சங்கிலி என்று முடைவது தனிக் கைத்திறன்.

குமரி மாவட்டத்துத் தோவாளையில் இன்னொரு வகை உண்டு. வெள்ளை அரளி, சிவப்பு அரளி, நொச்சி இலை மூன்றையும் பாய்போல் தட்டையாகப் பின்னும் மாணிக்க மாலை அது. 2025இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஒரு கிராமத்தின் பூக்கட்டும் முறை காக்கப்பட வேண்டிய கைத்தொழிலாக ஏற்கப்பட்டிருப்பது, இங்குள்ள பூக்கட்டுவோருக்கும் நல்ல செய்தி.

எந்தச் சந்நிதிக்கு எந்தப் பூ

பூக்கடைக்காரருக்கு ஆகம அறிவும் கொஞ்சம் வேண்டும். பிள்ளையாருக்கு அருகம்புல், எருக்கு. சிவனுக்கு வில்வம், தும்பை, தாழம்பூ சார்த்துவதில்லை. பெருமாளுக்குத் துளசி, பிள்ளையாருக்குப் பொதுவாகத் துளசி சார்த்துவதில்லை. அம்மனுக்குச் செவ்வரளி, செம்பருத்தி, வேப்பிலை. காளிக்கு எலுமிச்சை மாலை. ஆஞ்சநேயருக்கு வெற்றிலை மாலை, வடை மாலை. லட்சுமிக்குத் தாமரை. குடும்ப வழக்கப்படியும் கோயில் வழக்கப்படியும் சில மாற்றங்கள் இருக்கும்.

பல இன மக்கள் வாழும் நகரத்தில் மற்றவர் வழக்கமும் தெரிந்திருக்க வேண்டும். சீனப் புத்தாண்டுக்குச் சிவப்பும் பொன்னிறமும் மங்கலம். வெள்ளைச் செவ்வந்தி துக்க வீட்டுக்கு உரியது. தமிழர் மங்கல மாலையில் வெண்மல்லிகை முதலிடம் பெறும். மலாய்த் திருமணங்களில் மெலூர் என்ற பெயரில் அதே மல்லிகை மணமகளின் கூந்தலை அலங்கரிக்கிறது. மூன்று இனத்தாருக்கும் பூக் கொடுக்கும் கடையில் எந்த நிறத்தை யாருக்கு நீட்டுகிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

வடிவமைப்பு எங்கிருந்து பிறக்கிறது

கடந்த இருபது ஆண்டுகளில் பூக்கட்டுபவர் பூ அலங்கார வடிவமைப்பாளராகவும் ஆகியிருக்கிறார். கல்யாண வீட்டார் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டி, இதேபோல் மணவறை வேண்டும் என்கிறார்கள். மணமகளின் சேலை நிறத்துக்கு ஏற்ற மாலை, சடைக்குப் பூத்தையல், படம் எடுக்கப் பின்னணிச் சுவர், விருந்து மேசைக்குச் சிறு பூச்சாடி எல்லாம் ஒரே ஆளிடம் கேட்கப்படுகின்றன.

வடிவமைப்பாளருக்கு நகரத்திலேயே பாடம் கிடைக்கிறது. 1922இல் சிறு குடிலாகத் தொடங்கிய அருள்மிகு ஸ்ரீ ராஜகாளியம்மன் ஆலயம், பின்னர் ஏறத்தாழ 300,000 கண்ணாடித் துண்டுகள் பதித்த கண்ணாடிக் கோயிலாக மாறி, 2010இல் மலேசியச் சாதனைப் புத்தகத்தில் இடம்பெற்றது. விளக்கொளியில் சிவப்பும் நீலமும் பச்சையும் எப்படி ஒன்றையொன்று எடுத்துக் காட்டுகின்றன என்பதை அங்கே நின்று பார்க்கலாம். ஜாலான் திருஸ் பழைய சீனக் கோயிலின் சார்பில் சீன முதல் மாதம் 21ஆம் நாள் இரவு நடக்கும் சிங்கே ஊர்வலத்தில் சாமிப் பல்லக்குகளின் அலங்காரத்தைக் காணலாம். கோலத்தின் புள்ளிக் கணக்கு, பட்டுச் சேலைக் கரையின் நிறச் சேர்க்கை, பாத்தேக் துணியின் இலைக் கொடி ஆகியவையும் மணவறை அலங்காரத்தில் வந்து சேர்கின்றன.

புதிய முறைகளில் ஒரு சிக்கலும் உண்டு. அலங்காரப் பூவைச் செருகி வைக்கும் பச்சை நிறப் பூ ஸ்பாஞ்ச் பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. அது மக்காது, உதிர்ந்து நுண்துகளாக நீரில் கலக்கும். அதற்குப் பதிலாகக் கம்பி வலையைப் பயன்படுத்தும் வழக்கம் பல நாடுகளில் திரும்பி வருகிறது. நம் மரபில் வாழைத்தண்டை வெட்டி நிறுத்தி, அதில் பூவைச் செருகும் பழக்கம் முன்பே இருந்தது. தண்டில் நீர் இருப்பதால் பூவும் வாடாது. வேலை முடிந்ததும் மண்ணுக்கே போய்விடும்.

2020: பூ விற்காத பங்குனி

இந்தத் தொழில் எவ்வளவு மெல்லிய நாரில் தொங்குகிறது என்பதை 2020 காட்டியது. மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. அதே நாளில் சிங்கப்பூர் எல்லையும் அடைபட்டது. கோயில்கள் மூடின, திருமணங்கள் தள்ளிப்போயின. ஏப்ரல் 6ஆம் தேதி பங்குனி உத்திரம், அடுத்த வாரம் சித்திரைப் புத்தாண்டு. ஆண்டின் பெரும் வருமானம் வரவேண்டிய வாரங்களில் கடைக் கதவு மூடிக் கிடந்தது. கெமரன் மலையில் விவசாயிகள் வாங்க ஆளில்லாமல் பூவை வெட்டிக் கொட்டினார்கள். எல்லை முழுமையாகத் திறந்தது 2022 ஏப்ரல் 1ஆம் தேதிதான்.

மற்ற வணிகர்கள் சரக்கைப் பூட்டி வைத்துப் பிறகு விற்கலாம். பூக்காரருக்கு அது முடியாது. வீட்டில் கட்டிக் கொடுத்து வந்த பெண்களுக்கோ சம்பளச் சீட்டும் இல்லை, சேமநிதியும் இல்லை. அவர்களில் சிலர் வேறு வேலைக்குப் போய்த் திரும்பவே இல்லை.

கட்டும் கை எங்கே?

இன்று ஜொகூரில் பூவுக்குப் பஞ்சமில்லை. பணம் கொடுத்தால் எந்தப் பூவும் வரும். பஞ்சம் கட்டும் கைக்குத்தான். தோட்டத்தில் கற்ற தலைமுறைக்கு வயதாகிவிட்டது. முதுகுவலி, கண்பார்வை, விரல் மரத்துப்போதல் எனச் சொல்லி ஒருவர் பின் ஒருவராக நிறுத்திக்கொள்கிறார்கள். பிள்ளைகள் படித்து வேறு வேலைக்குப் போகிறார்கள். அதில் தவறேதும் இல்லை. அதற்காகத்தான் அம்மாக்கள் இரவெல்லாம் பூக்கட்டினார்கள்.

சில கடைக்காரர்கள் தமிழகத்திலிருந்து ஆள் கொண்டுவரப் பார்க்கிறார்கள். அனுமதி எளிதல்ல. 2023இல் அந்நியத் தொழிலாளர்களை எடுக்க அரசாங்கம் வழிவிடுவதாக அறிவித்த இந்தியர் பாரம்பரியத் துறைகள் முடிதிருத்தம், ஜவுளி, பொற்கொல்லர் ஆகிய மூன்று. பூக்கட்டு அவற்றில் இல்லை. இன்னொரு பக்கம் பிளாஸ்டிக் மாலைகள் வந்துவிட்டன. ஒருமுறை வாங்கினால் ஆண்டு முழுவதும் சாமி படத்தில் கிடக்கும்.

கூலியைப் பற்றியும் பேச வேண்டும். மல்லிகை விலை ஏறினால் வாங்குபவர் ஏற்றுக்கொள்கிறார். கட்டும் கூலி ஏறினால் பேரம் பேசுகிறார். பூவின் விலையும் கட்டுக்கூலியும் ஒரே தொகையாகச் சொல்லப்படுவதால், அதில் விரலுக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரிவதில்லை. இரண்டையும் தனித்தனியாக எழுதிக் கொடுத்தால் அந்த உழைப்பு கண்ணில் படும்.

வீட்டிலிருந்து பூக்கட்டும் பெண்களுக்குச் சில பாதுகாப்புத் திட்டங்கள் உள்ளன. பெர்கேசோ எனப்படும் சமூகப் பாதுகாப்பு நிறுவனம், 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ச் சுயதொழில் செய்பவர்களுக்கு விபத்துக் காப்பு வழங்குகிறது. 2022 டிசம்பர் முதல் நடப்பிலுள்ள இல்லத்தரசிகள் திட்டத்தில் 55 வயதுக்கு உட்பட்டவர்கள் ஆண்டுக்கு 120 ரிங்கிட் சந்தாவில் சேரலாம். ஊழியர் சேமநிதி வாரியத்தின் ஐ-சரான் திட்டத்தில் மாதச் சம்பளம் இல்லாதவர்களும் தாமாகச் சேமிக்கலாம். அரசும் ஒரு பங்கு சேர்க்கும். கடைக்காரர்களும் கோயில் நிர்வாகங்களும் தங்களுக்குப் பூக்கட்டும் அக்காமார்களை இதில் பதிய வைத்தால் அதுவே பெரிய உதவி.

கற்றுக்கொடுக்கும் வழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. கோயிலில் வெள்ளிதோறும் மாலை கட்ட உட்காரும் மூத்த பெண்களுக்குப் பக்கத்தில் இரண்டு இளையவர்கள் உட்கார்ந்தால் போதும். மணவறை வடிவமைப்பு, பூங்கொத்து, இணைய வணிகம் எனப் புதிய வேலைகள் தெரிந்த பிள்ளைகள் பழைய விரல் கட்டையும் கற்றுக்கொண்டால், இது பாட்டி வேலை என்ற பெயர் மாறி, நல்ல வருமானத் தொழிலாகும்.

வாங்குவோர் கவனத்துக்கு

• தை, மாசித் திருமணங்களுக்கு இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள். தைப்பூச வாரமும் சீனப் புத்தாண்டு வாரமும் குறுக்கே வருகிறதா என்று பாருங்கள்.

• மல்லிகை விலை உச்சத்தில் இருக்கும் காலத்தில், அடிமாலைக்கு ஆர்க்கிட் அல்லது செவ்வந்தி, மேலே சரத்துக்கு மட்டும் மல்லிகை என்று கேட்டால் செலவு குறையும்.

• மல்லிகைச் சரத்தை வாழையிலையிலோ ஈரத்துணியிலோ சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். விரிந்த பூவின்மேல் தண்ணீர் தெளித்தால் சீக்கிரம் பழுப்பாகும்.

• பழுத்த வாழைப்பழம், மாம்பழம் பக்கத்தில் பூவை வைக்காதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயு பூவை வாட்டும்.

• வெயிலில் நிற்கும் காரின் பின்பெட்டியில் மாலையைப் பூட்டி வைக்காதீர்கள்.

• அரளிச் செடியின் எல்லாப் பாகமும் நச்சு. தொட்டால் கை கழுவுங்கள். பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• சார்த்தி எடுத்த மாலையை ஆற்றில் விடாமல், நூலையும் ஜரிகையையும் பிரித்தெடுத்துவிட்டு உரக்குழியில் போடுங்கள்.

அடுத்த தையில் மாலை வாங்கப் போகும்போது, கடையின் பின்பக்கம் ஒரு பார்வை போகட்டும். அங்கே தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, தலை நிமிராமல் கட்டிக்கொண்டிருப்பார் ஒருவர். ஒருவேளை உங்கள் பழைய தோட்டத்துக்காரராகவே இருக்கலாம். பேரம் பேசுவதற்கு முன், எந்தத் தோட்டம் என்று கேளுங்கள். யாருக்காவது கற்றுக்கொடுக்கிறீர்களா என்றும் கேளுங்கள்.